முனை கிடைக்காத ஊசி

ஜெயபாரதியின் கையால் ஒன்றாவது வாங்காத ஆள் அந்தக் குடும்பத்தில் கிடையாது. வாங்காமல் தப்பிக்கவும் முடியாது. தம்பி அருண்பாண்டிக்கு உல்லன் நூலில் குரங்குக் குல்லாய் பின்னிக் கொடுத்தாள். திருப்பூர் வெயிலில் இதை எந்த மாசத்தில் போடுவது என்று அவன் கேட்டதற்கு, மார்கழி என்று ஒரு மாசம் இருக்கிறது, காலண்டரைப் பார் என்றாள். தம்பி மனைவி நதியாவுக்குச் செல்போன் பை. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, கேஸ் சிலிண்டருக்குக் கொசுவம் வைத்த பாவாடை. வீட்டு ஓனர் கருப்பாத்தாளுக்குக்கூட ஒரு சுருக்குப் பை போய்ச் சேர்ந்திருந்தது. "இனிமே தண்ணித் தொட்டிக்குத்தேன் சட்டை பாக்கி" என்று அருண்பாண்டி கேலி செய்வான். விட்டால் அதற்கும் அளவெடுக்கக் கூடியவள்தான் அவன் அக்கா.

சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். பிள்ளை இல்லை என்று சொல்லிப் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு, ஒரு கட்டைப் பையோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மங்கலம் ரோட்டில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒன்று அது. தம்பி ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இவள் வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்தாள். இவளுடைய கண்ணையும் கண்டிப்பையும் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளிலேயே ஊசி கொடுக்கிற பொறுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஊசி கொடுக்கிற வேலை லேசுப்பட்ட வேலை இல்லை. அந்தக் கம்பெனியில் தைப்பதெல்லாம் வெளிநாட்டுக் குழந்தைகளின் உடுப்பு. ஓடுகிற மெஷினில் ஊசி உடைந்தால் டெய்லர் கையைத் தூக்க வேண்டும். ஜெயபாரதி வந்து நிற்பாள். உடைந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி டேப்பில் வரிசையாக ஒட்டி, முழு ஊசியின் உருவம் வந்துவிட்டது என்று காட்டினால்தான் புது ஊசி. ஒரு துணுக்குக் குறைந்தாலும் மெஷின் ஓடாது. சுற்றிக் கிடக்கிற துணியை எல்லாம் தனியாக ஒதுக்கி, காந்தம் விட்டுத் துழாவி, அப்போதும் கிடைக்காவிட்டால் அத்தனை துணியும் டிடெக்டர் மெஷினுக்குள் போய் வர வேண்டும். துணிக்குள் இரும்பு இருந்தால் அந்த மெஷின் கத்தும்.

"நொய்யரிசியாட்டத் துணுக்குத் தானுங்கக்கா, எங்கியாச்சும் உழுந்திருக்கும், உடுங்க" என்று டெய்லர்கள் கெஞ்சுவார்கள்.

"அந்த நொய்யி ஒரு புள்ளை முதுகுல ஏறுச்சுன்னா நீயா வந்து பதில் சொல்லுவ?" என்பாள் ஜெயபாரதி. கறார்க்காரி. அமெரிக்காவில் எந்தக் குழந்தை எந்தச் சட்டையைப் போடப்போகிறதோ அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தக் குழந்தைக்காக மல்லுக்கு நிற்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இந்தக் கதி வந்தது. நினைத்தால் வயிறு எரிகிறது.

அருண்பாண்டிக்கும் நதியாவுக்கும் வருஷக்கணக்கில் குழந்தை இல்லாமல் இருந்து, ஆஸ்பத்திரி, கோயில் என்று அலைந்து, ஒரு வழியாகப் பெண் குழந்தை பிறந்தது. ஓனர் வீட்டுப் பேத்தியின் பேர் பிடித்துப்போய் நதியா தன் மகளுக்கும் தேஜஸ்ரீ என்றே வைத்தாள். வீட்டில் தேஜு. பிரசவத்துக்கு வந்திருந்த நதியாவின் அம்மா, மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ளை பெறாதவ மடியில பச்சப்புள்ளையப் போடாத. அவ தச்சதையும் போட்டுவிடாத. ஏக்கம்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள். தனியாகத்தான் சொன்னாள். சுவர் ஒற்றைக்கல் சுவர் என்பது அவளுக்குத் தெரியாது. சமையல்கட்டில் நின்ற ஜெயபாரதிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

நதியா அன்றைக்குச் செய்த காரியத்துக்காக ஜெயபாரதி அவளுக்குச் செருப்பாக இருக்கவும் தயாராக இருந்தாள். அம்மாவுக்கு ஒரு பதிலும் சொல்லாமல் நதியா எழுந்து வந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து ஜெயபாரதியின் கையில் கொடுத்தாள். "மதினி, கால் சில்லுன்னு இருக்கு. ஒரு சாக்ஸ் பின்னுங்களேன்" என்றாள்.

ஜெயபாரதி வெள்ளை உல்லன் நூலில் முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசியால் குட்டிச் சாக்ஸ் பின்னினாள். தேஜுவுக்கு அது ஆகவே ஆகாது. மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் குதிகாலைப் படுக்கையில் தேய்த்துத் தேய்த்து இரண்டையும் உதறிவிடுவாள். நாடா பின்னிக் கோத்துக் கணுக்காலில் கட்டினாள். அதையும் உதறினாள். "கழுதை, அத்தை பின்னுனா ஒனக்கு எளக்காரமா?" என்று ஜெயபாரதி மறுபடி மாட்டுவாள். குழந்தை மறுபடி உதறும். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய விளையாட்டு வேறு இருக்கவில்லை.

ஊர்க் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவானது. காது குத்துவது தாய்மாமன் மடியில். மொட்டை போட்டுக் குளிப்பாட்டியதும் போடுகிற உடுப்பும் தாய்மாமன் சீரில் வருவது. அதில் அத்தைக்குப் பாத்தியதை கிடையாது. "வீட்டுலருந்து கோயில் வரைக்கும் மதினி தச்ச கவுனுதான்" என்று நதியா அறிவித்தாள். அவள் அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். ஜெயபாரதி அந்த வாரமே காதர்பேட்டைக்குப் போய் மாம்பழ மஞ்சளில் பஞ்சு மாதிரி ஒரு துணி எடுத்தாள். பட்டன் குழந்தைக்கு உறுத்தும் என்று முதுகில் கட்டிக்கொள்ள நாடா வைத்தாள். கழுத்துக்கும் இடுப்புக்கும் வெள்ளை நூலில் குரோஷா பார்டர். கம்பெனியில் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பின்னினாள். பஸ்ஸில் நின்றுகொண்டே பின்னினாள்.

குரோஷா பார்டரைத் துணியோடு சேர்ப்பதைக் கையால்தான் செய்ய வேண்டும். பின்னலில் நூல் முடிச்சு விழுந்த இடமெல்லாம் கட்டியாக இருக்கும். மெஷினில் கொடுத்தால் ஊசி அதில் போய் மோதும். இது அவளுக்குத் தெரியாததா? ஆனால் கடைசி வாரம் கம்பெனியில் ஷிப்மெண்ட் அவசரம், தினமும் ஓவர்டைம். புறப்படுகிற அன்று காலையில் வாசலில் வேன் வந்து நிற்கிறது, இடுப்பின் பின்பக்கம் இன்னும் ஒரு சாண் பாக்கி. ஊசியில் நூல் கோத்துக் கையால் தைத்தால் நேரமாகும். வீட்டு மெஷினில் கவுனை வைத்து மிதித்தாள்.

டக் என்று ஒரு சத்தம்.

ஊசியின் மேல்பாதி மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு தட்டின்மேல் கிடந்தது. முனையைக் காணவில்லை.

ஜெயபாரதியின் கை தானாகவே வேலையை ஆரம்பித்தது. மெஷினைத் தட்டினாள், கவிழ்த்தாள். ஓட்டை ஸ்பீக்கரில் இருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தால் தரையைத் துழாவினாள். கவுனை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பார்டரை விரல் விரலாக நசுக்கிப் பார்த்தாள். எல்லா இடமும் முடிச்சு. எது முடிச்சு, எது முனை என்று விரலுக்குப் பிடிபடவில்லை.

"மதினி, முடிஞ்சுதா? வேன்காரரு ஆரன் அடிச்சுக்கிட்டே இருக்காரு" என்று வெளியிலிருந்து நதியா கூப்பிட்டாள். கதவருகே அவள் அம்மா வந்து நின்றாள். கையில் மகன் வாங்கி அனுப்பிய ரெடிமேட் கவுன் ஒன்று, பெட்டியோடு. "முடியலன்னா விடுத்தா. இதப் போட்டுக்கிடட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள். குரலில் ஒரு சந்தோஷம்.

அந்த நேரத்தில் ஜெயபாரதி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊசி உடைந்துவிட்டது, இது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கம்பெனியில் முகம் தெரியாத பிள்ளைகளுக்காக எத்தனை தடவை சொன்னவள்! ஆனால் அந்தக் கிழவியின் கையில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் அவளுக்கு வாய் வரவில்லை. நல்ல காரியத்தன்று இவள் கையில் ஊசி உடைந்தது என்று தெரிந்தால் அது ஏழு ஊருக்குப் போகும். இனி இந்தக் குழந்தையைத் தொட விடுவார்களா? முனை தரையில்தான் தெறித்திருக்கும், தெறிக்காமல் எங்கே போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புது ஊசி மாட்டினாள். மிச்சத்தைத் தைத்து முடித்தாள். உடைந்த இரண்டு துண்டுகளை டேப்பில் ஒட்டி மெஷின் டிராயரில் போட்டாள், பழக்கதோஷம்.

"முடிஞ்சுருச்சு" என்று கவுனை நீட்டினாள்.

தாராபுரம் தாண்டும்வரை குழந்தை சிரித்துக்கொண்டு வந்தது. ஒரு வேகத்தடையில் வேன் தூக்கிப் போட்டதும் வீல் என்று கத்தியது. அது சாதாரண அழுகை இல்லை. மூச்சை உள்ளே இழுத்து, சத்தமே வராமல் நின்று, அப்புறம் கத்தியது. பசி என்றார்கள். பால் குடிக்கவில்லை. புழுக்கம் என்றார்கள். ஜன்னலைத் திறந்தும் அடங்கவில்லை. ஜெயபாரதி குழந்தையை வாங்கி மடியில் கவிழ்த்துப் போட்டு இடுப்பைத் தடவினாள். விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. நாடாவை அவிழ்க்கப் போனாள்.

"ஏத்தா, கோயிலுக்குப் போற வழியில புதுச்சட்டைய ஏன் கழட்டுற? நீதான் ஆசை ஆசையாத் தச்ச" என்றாள் நதியாவின் அம்மா.

"புழுக்கமா இருக்குமேன்னு" என்றாள் ஜெயபாரதி. வேனில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் நாடாவை மறுபடி கட்டினாள். அழுது ஓய்ந்து குழந்தை தூங்கிவிட்டது.

கோயிலில் மொட்டை போட்டுக் குளிப்பாட்டும்போது ஜெயபாரதிதான் தண்ணீர் ஊற்றினாள். இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. கொசு கடித்தால் அப்படித்தான் இருக்கும். கொசுதான் என்று மனசுக்குள் சொன்னாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். தாய்மாமன் வாங்கி வந்த பட்டுப் பாவாடையைக் கட்டி அவன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். குழந்தை கத்தியது. காது குத்தினால் எந்தக் குழந்தைதான் கத்தாது? அன்று முழுவதும் அழுத அழுகைக்கெல்லாம் காது ஒரு காரணம் ஆகிவிட்டது. கெடா விருந்து நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். ஜெயபாரதிக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

திருப்பூர் திரும்பியதும் காய்ச்சல் வந்தது. பக்கத்துக் கிளினிக்கில் காதைப் பார்த்தார்கள், லேசாகப் புண் வைத்திருக்கிறது என்று சிரப் எழுதிக் கொடுத்தார்கள். கருப்பாத்தாள் மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு வந்து சுற்றிப் போட்டாள்.

"ஊரே கூடிப் பாத்துருக்குதுங்கல்லோ. மொட்டை போடப் போன கண்ணு, மஞ்சச் சட்டையில அத்தனை அழகா இருந்துச்சாமா. கண்ணு படாம என்ன பண்ணுமுங்க" என்றாள். மிளகாய் அடுப்பில் கமறவே இல்லை. "பாத்தீங்ளா, நான் சொல்லலீங்ளா, அத்தனையும் கண்ணேறுதானுங்க" என்று நதியாவைப் பார்த்துச் சொன்னாள். நதியா அப்போதும் சந்தேகப்பட்டு ஜெயபாரதியின் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது ஜெயபாரதிக்கு. 

மறுநாள் அவள் மஞ்சள் கவுனைச் சுருட்டி டிபன் பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். டிடெக்டர் மெஷினில் இருப்பது பொங்கலூர்ப் பெண், பிரியங்கா. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் அவளிடம் போனாள்.

"பிரியங்கா, இத ஒரு தடவ விட்டு எடு."

"ஏனுங்கக்கா, இது நம்ம ஸ்டைல் இல்லீங்களே. நீங்க தெச்சதுங்களா? ஐயோ, பார்டர் எத்தன அழகா இருக்குதுங்க!"

"விடு கண்ணு, சொல்றேன்."

கவுன் பெல்ட்டில் ஏறி மெஷினுக்குள் போனது. ஜெயபாரதி மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கத்த வேண்டும். கத்திவிட்டால் முனை பார்டருக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம். குழந்தைக்கு வெறும் காய்ச்சல் என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அந்த மெஷின் கத்தக்கூடாது என்று வேண்டியவள், இன்றைக்குக் கத்து கத்து என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

கவுன் அந்தப் பக்கம் வந்து விழுந்தது. மெஷின் வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்கக்கா. சுத்தமா இருக்குது" என்றாள் பிரியங்கா.

"மெஷின் சரியா ஓடுதா? டெஸ்ட் கார்டு விட்டுப் பாரு."

பிரியங்கா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, உள்ளே கடுகளவு இரும்பு வைத்த அந்த அட்டையை விட்டாள். மெஷின் ஊரைக் கூட்டியது. பெல்ட் நின்றது. மறுபடி கவுனை விட்டாள். சத்தமே இல்லை. மடித்து, பிரித்து, திருப்பிப் போட்டு விட்டாள். சத்தமே இல்லை.

"பாப்பாவுக்குங்களா அக்கா? பயப்படாதீங்க, தைரியமாப் போட்டுவிடுங்க" என்றாள் பிரியங்கா.

ஜெயபாரதி தலைவலி என்று சொல்லி லீவு போட்டுவிட்டு வந்தாள். நதியா குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருந்தாள். வீட்டைச் சுவரோரம் சுவரோரமாகக் காந்தத்தால் துழாவினாள். கட்டிலை நகர்த்தினாள், மிதியடியை உதறினாள், வாசல் குப்பைக் கூடையைக் கொட்டினாள். குண்டூசி வந்தது, கொக்கி வந்தது, தம்பியின் துருப்பிடித்த பிளேடு வந்தது. முனை வரவில்லை. நாலைந்து தடவை கூட்டிப் பெருக்கிய வீடு இது, குப்பையோடு போயிருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரில் போகிறவள் கையில் கிடைத்ததைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள்.

சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. பால் குடித்தது. "மருந்து கேட்டுருச்சு மதினி" என்று நதியா சிரித்தாள். ஜெயபாரதி தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நதியா நினைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று நெஞ்சு வரை வந்ததை ஜெயபாரதி அப்போதுதான் விழுங்கினாள். சரியாகிவிட்டதே, இனி எதற்கு? பாவி, அன்றைக்குச் சொல்லியிருக்கலாம்.

ஒரு நாள் நன்றாக இருந்தது. அடுத்த நாள் காலையில் தூக்கினாலே குழந்தை அலறியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. முதுகில் அந்தப் புள்ளி இருந்த இடம் நெல்லிக்காய் அளவு வீங்கியிருந்தது. நதியா டயப்பர் மாற்றும்போது, இடது கால் முட்டியை மடக்கி உதைத்தது. வலது கால் படுக்கையில் கிடந்தது.

"மதினி, இந்தக் கால ஏன் தூக்க மாட்டேங்குறா?" என்றாள் நதியா.

ஜெயபாரதி கையிலிருந்த பால் டம்ளரைக் கீழே வைத்தாள். "நதியா, அன்னைக்கு ஊசி ஒடைஞ்சுச்சு" என்றாள்.

"எந்த ஊசி?"

"பாப்பா கவுனு தைக்கயில. ரெண்டு துண்டு இருந்துச்சு. முனை கெடைக்கல. கவுனக் கொண்டுபோயி டிடெக்டர்ல விட்டேன். அதுல இல்ல."

நதியாவுக்குப் புரியவில்லை. துணிக் கம்பெனி வாசலை மிதிக்காதவள் அவள். கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அருண்பாண்டிக்குப் புரிந்துவிட்டது. ஒரு காலில் ஷூவும் மறுகால் வெறுங்காலுமாக அப்படியே நின்றான்.

"கவுனுல இல்லன்னா?" என்று கேட்டான். பிறகு அவனே குழந்தையின் முதுகைப் பார்த்தான்.

"தேடுனேன்டா தம்பி. எல்லாப் பக்கமும் தேடிட்டேன்."

"முனை கெடைக்காம சட்டைய எப்படிக்கா குடுத்த? ஒங்க கம்பெனியில குடுப்பியா?" என்றான். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை. "சொல்லுக்கா. வெள்ளைக்காரன் புள்ளைக்குன்னா குடுப்பியா?"

 நதியா குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு. யாரும் விரல் வைத்துக் காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெரிய டாக்டர் அம்மா, முனை உள்ளே நகர்ந்துபோய்ச் சீழ் பிடித்துவிட்டது, சீழ் நரம்பை அழுத்துகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். "குத்துன அன்னைக்கே வந்திருந்தா முள்ளு எடுக்கற மாதிரி எடுத்திருப்போம். ஏன் இத்தனை நாள் விட்டீங்க?" என்று கேட்டார். அருண்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அக்காவைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது அவளுக்குச் செருப்படியைவிட அதிகமாக வலித்தது.

ஊரிலிருந்து நதியாவின் அம்மா வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "அன்னைக்கே சொன்னேன். மலடி கை வெளங்காதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்று மாரில் அடித்துக்கொண்டாள். மடச்சி. கைக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? கை நன்றாகத்தான் தைத்தது. திறக்க வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காததுதான் குற்றம். அந்த வாயைக் கட்டிப்போட்டதே இந்தக் கிழவியின் பேச்சுத்தான். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள ஜெயபாரதிக்கு மனம் வரவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, சக்கர நாற்காலிகளை நிறுத்துகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அருண்பாண்டி அங்கே இறங்கி வந்தான். உயிருக்கு ஆபத்து இல்லை என்றான். அவள் கும்பிட்ட கையை விலக்கி, உள்ளங்கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அடியில் நொய்யரிசி அளவு ஒரு துணுக்குக் கிடந்தது. அத்தனை சின்னது.

"இந்தாக்கா, முனை. எல்லாத் துண்டும் சேந்துருச்சு. ஒட்டிக் காட்டு, புது ஊசி குடுப்பாக" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் கோணிவிட்டது. சுவரில் சாய்ந்து, சின்னப் பையனாக இருந்தபோது அழுத மாதிரியே அழுதான். அப்போதெல்லாம் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிடுவாள். இப்போது கையைத் தூக்க அவளுக்குத் துணிவு இல்லை.

அவள் வீட்டுக்குத் திரும்பினாள். தேஜுவின் வார்டுப் பக்கம் வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. கம்பெனிக்குப் போய், இனி ஊசிப் பொறுப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பேக்கிங் டேபிளில் நின்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கண் மங்குது என்றாள். வீட்டில் மெஷினின் பெல்ட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டாள். டிவி உறையை எடுக்கலாமா, மிக்ஸி உறையை எடுக்கலாமா என்று கை வைத்துக் கை வைத்துப் பார்த்தாள். எடுத்தால் வீடு அம்மணமாகத் தெரியும், எடுக்காவிட்டால் நதியா வந்து பார்க்கும்போது என்ன நினைப்பாள்? ஒன்றும் தோன்றாமல் விட்டுவிட்டாள்.

ஒரு நாள் காலையில் நதியாவே போன் செய்தாள்.

"மதினி, பாப்பாவோட உல்லன் சாக்ஸ் எங்க வச்சிருக்கீங்க?"

"பீரோல, கீழ்த்தட்டுல இருக்குத்தா."

"எடுத்துக்கிட்டு வாங்க."

மதினி என்று கூப்பிட்டாளே! ஜெயபாரதி சாக்ஸை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு கண்ணியாக நிமிண்டிப் பார்த்தாள், திருப்பிப் போட்டு உதறினாள், காந்தத்தைக்கூட ஓட்டிப் பார்த்தாள். கையால் பின்னியது, ஊசி முனைக்கு அதில் வேலையே இல்லை என்று தெரிந்தும் பார்த்தாள். பஸ்ஸில் கோயமுத்தூர் போகிற வழி முழுவதும், புள்ளைக்குக் கால் சில்லென்று இருக்கும், அதற்குத்தான் கேட்கிறாள், மன்னித்துவிட்டாள் என்று பைத்தியம்போல நினைத்துக்கொண்டே போனாள்.

வார்டில் நதியா தனியாகத்தான் இருந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். ஜெயபாரதியின் முகத்தைப் பார்க்கவில்லை. தேஜு விழித்துக் கிடந்தாள். மொட்டைத் தலையில் பூனைமயிராய் முடி முளைத்திருந்தது. அத்தையைப் பார்த்ததும் கையை ஆட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஜெயபாரதியால் தாங்க முடியவில்லை.

"டாக்டரம்மா தினமும் வந்து கால அசைக்கிறாளா அசைக்கிறாளான்னு கேக்குறாங்க" என்றாள் நதியா. "இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்ங்குறாங்க. எனக்குத் தெரியல மதினி. கிலுகிலுப்பை காட்டிப் பாத்துட்டேன், கிச்சுக்கிச்சு மூட்டிப் பாத்துட்டேன். இந்தச் சாக்ஸத்தான் அவளுக்கு ஆகவே ஆகாது. போட்டா ரெண்டு நிமிசம் பொறுக்க மாட்டா. அதுக்குத்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன்."

ஜெயபாரதிக்கு எல்லாம் விளங்கியது. மன்னிப்புக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைக் கேட்க அவளுக்கு வாயும் இல்லை.

"நீங்களே போடுங்க" என்று நதியா தள்ளி நின்றாள்.

ஜெயபாரதி இடது காலில் மாட்டினாள். வலது காலைத் தூக்கினாள். உள்ளங்கையில் அது பாரமாக, அசையாமல் கிடந்தது. அதிலும் மாட்டினாள்.

இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். தேஜு காலைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். இடது குதிகாலைப் படுக்கையில் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துத் தேய்த்து ஒரு உதை விட்டாள். சாக்ஸ் கழன்று தரையில் போய் விழுந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம், கை தட்டினாள்.

நதியா குனிந்து அதை எடுக்கவில்லை. அவள் கண் வலது காலை விட்டு நகரவில்லை. வெளியே யாரோ சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சத்தம் தூரமாகப் போய்த் தேய்ந்தது. குழந்தை தன் கையைச் சப்ப ஆரம்பித்தாள். வலது காலில் சாக்ஸ், மாட்டியது மாட்டியபடி இருந்தது.

"நாடாவ இறுக்கிக் கட்டிட்டீங்களா மதினி?" என்று நதியா கேட்டாள். அந்த வார்டுக்குள் வந்தபிறகு முதல் தடவையாக ஜெயபாரதியின் முகத்தை நேராகப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை அது.

"இல்லத்தா" என்றாள் ஜெயபாரதி. "நாடாவே கட்டல."